பிளக்கைப் பிடுங்கும் முன்

போன வாரம் மதுரையில் ஒரு மாலை இடி இடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஊருக்கெல்லாம் மழை வந்தது. பழங்காநத்தத்தில் என் நண்பர் ஜெகநாதன் வீட்டில் மட்டும் குரல் போனது.

ஜெகநாதன் ஜவுளிக்கடை நடத்தியவர். பேச்சாலேயே புடவை விற்றவர். போன வருடம் தொண்டையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு பேச முடியாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே அவர் தினமும் பேசுகிற வாக்கியங்களைப் பதிவு செய்துகொண்டோம். கொஞ்சம் தமிழில். மனைவி ராஜலட்சுமியோடு பேசுவதெல்லாம் அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிராவில்.

உள்ளங்கை அளவில் ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டு கிடைக்கிறதல்லவா... அதை வைத்து ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். பட்டனை அமுக்கினால் ஜெகநாதன் குரல் வரும். நான் வாராவாரம் எழுதும் இதே பத்தியில் அதைப் பற்றிப் பெருமையாக எழுதியும் இருந்தேன்.

அன்றைக்கு இடி இடித்ததும் ராஜலட்சுமி எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். டி.வி. பிளக், ஃபிரிட்ஜ் பிளக், கூடவே பெட்டியின் பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார். மழை விட்டு மறுபடி மாட்டினால், பெட்டி எழவே இல்லை.

போனில் அழுதார். "அண்ணே, அவரு குரலை நானே கொன்னுட்டேனே..."

ஓடினேன். அந்தச் சின்ன போர்டுக்கு மூளை, நினைவு எல்லாமே ஒரு மெமரி கார்டுதான். அதில் எதையோ எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று கரண்ட் போனால், கார்டு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. கெட்டே போயிருந்தது. நகல்? பதிவு செய்த பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று.

ஜெகநாதன் தன் போனில் டைப் செய்து என்னிடம் நீட்டினார். "குரல் போனது எனக்கு. அழுறது இவ."

சிரிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

அப்போதுதான் ஒரு வாசகியின் நினைவு வந்தது. பெயர் கார்த்திகா. விளாங்குடியில் இருக்கிறார், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் விரிவுரையாளர். பெட்டியைப் பற்றிப் படித்துவிட்டு, "எப்பவாவது மக்கர் பண்ணினால் கூப்பிடுங்க சார்" என்று நம்பரோடு மெயில் போட்டிருந்தார். கூப்பிட்டேன்.

"கார்டை யாரும் தொடாதீங்க சார். காலைல நானே வாரேன்."

வந்தார். முன்பின் பார்த்திராத வீடு... லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்! கார்டை லேப்டாப்பில் சொருகி, முதலில் அப்படியே நகல் எடுத்தார். பிறகு அந்த நகலில் தேட ஆரம்பித்தார். ராஜலட்சுமி வைத்த காபி ஆறிப்போனது. மறுபடி வைத்தார். அதுவும் ஆறியது.

"சில ஃபைல் வருது சார். ஆனா பேரெல்லாம் அழிஞ்சுருச்சு. ஒண்ணொண்ணா கேட்டுத்தான் பாக்கணும்."

முதல் ஃபைலைத் தட்டினார். ஜெகநாதனின் குரல்! கணீரென்று, கொஞ்சம் அதட்டலாக, சௌராஷ்டிராவில்.

ராஜலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கார்த்திகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா சொல்றாரு?"

"கொழம்புல உப்பு இல்லைங்கறாரு..."

அழுகையும் சிரிப்புமாக அவர் அதைச் சொல்ல, ஜெகநாதன் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எல்லாம் திரும்பவில்லை. "வாங்க வாங்க, உக்காருங்க" என்று கடையில் சொல்வாரே, அந்த வரவேற்பு போயே போய்விட்டது. ஜெகநாதன் மனைவிக்கு டைப் செய்தார்: "வர்றவங்களை இனிமே நீ கூப்பிடு."

நகல்களை மூன்று பேர் போனிலும், பெட்டிக்கு வாங்கிய புதுக் கார்டிலும் ஏற்றிய பிறகு, கார்த்திகா பையிலிருந்து ஒரு சின்ன சிவப்புப் பட்டனையும் இரண்டு வயரையும் எடுத்தார். போர்டில் இரண்டு பின்களோடு வயரைப் பற்றவைத்து, நாலு வரி புரோகிராம் எழுதினார்.

"அம்மா, இது கரண்டை வெட்டுற சுவிட்ச் இல்ல. 'வேலையை முடிச்சுக்க'ன்னு அதுகிட்ட சொல்ற பட்டன். இதை அமுக்குனா எழுதிக்கிட்டு இருக்கிறதை முடிச்சிட்டுத் தானா தூங்கிரும். போர்டுல மினுக்குற இந்தப் பச்சை லைட்டு அணைஞ்ச பெறகு பிளக்கைப் பிடுங்குங்க. அம்புட்டுத்தான்."

"நான் அமுக்குனது அதுக்குத் தெரிஞ்சுச்சான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

நியாயமான கேள்வி! எனக்குத் தோன்றாத கேள்வி. கார்த்திகா கொஞ்சம் யோசித்தார். மீட்ட தமிழ் ஃபைல்களில் ஒன்றைத் தேடி எடுத்து, அந்தப் பட்டனோடு இணைத்தார். "இப்ப அமுக்குங்க."

ராஜலட்சுமி பயந்து பயந்து அமுக்கினார். பெட்டி ஜெகநாதனின் குரலில் சொன்னது: "போயிட்டு வாரேன்."

பச்சை விளக்கு நாலைந்து முறை துடித்து அணைந்தது.

கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை போய் கார்த்திகாவை வழியனுப்பினேன். நன்றியைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இந்த வாரப் பத்தி முழுக்க உங்களுக்கு, கார்த்திகா. எழுதுகிறவனுக்கு வாசகர்கள் கிடைப்பார்கள். லீவு போட்டு வருகிற வாசகர் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

நேற்று சாயங்காலம் அங்கே இருந்தேன். மறுபடி மேகம் கறுத்தது. ராஜலட்சுமி நிதானமாக வந்து சிவப்புப் பட்டனை அமுக்கினார். "போயிட்டு வாரேன்" என்றது பெட்டி.

பச்சை விளக்கைப் பார்த்தபடியே அவர் பதில் சொன்னார்: "சரி, குடையை எடுத்துக்கங்க."