சந்தியில் நிற்கும் எலி

இந்த ஊரில் பால்வண்டிக் குதிரையோடு யாரும் பேசுவதில்லை. பால்காரர் வாயே திறக்காமல் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். குதிரை தானாக அடுத்த வாசலில் போய் நிற்கிறது. இங்கிலாந்தின் வடக்கே, புகை படிந்த இந்த நகரத்துக்கு நான் வந்து ஏழு வருஷமாகிறது. தினமும் காலையில் ஜன்னலோரம் நின்று இதைப் பார்க்கிறேன். நம் பக்கத்தில் ஒரு மாட்டை நாலடி நகர்த்துவதற்குள் அதன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டியாக வேண்டும்.

நீங்கள் சிரிப்பீர்கள், என் பிழைப்பே இதுதான். எலிக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறேன். பலகையால் சந்து சந்தாக அடைத்த பெரிய பெட்டி. ஒரு மூலையில் எலியை விட்டால், மறுமூலையில் பாலில் நனைத்த ரொட்டி இருக்கும். ஒருமுறை கற்ற வழி சில வாரம் கழித்தும் அதற்கு நினைவிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் இதை விளக்கியபோது மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்படியானால் சமையலறை எலிகளையும் கொஞ்சம் கவனியுங்களேன்" என்றார். அடுத்த நாள் எலிப்பொறி ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது ஆனையூரில். அப்பா கத்தரிக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வண்டி கட்டுவார், நானும் தொற்றிக்கொள்வேன். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது, ஆற்றுப்பாலம் தாண்டியதும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். மத்தியான வெயிலில் மாடுகள் இரண்டும் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி, கண்மாய்க் கரையேறி, எங்கள் தொழுவத்தில் வந்து நிற்கும்.

"மாட்டுக்கு எப்பிடிப்பா வழி தெரியுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அம்புட்டு வழியும் அதுகளுக்குத் தெரியும்டா. பேசாமப் படு" என்றார் துண்டுக்கு அடியிலிருந்து.

கப்பலேற நான் புறப்பட்டபோது, "எலிக்கு ஞாபகம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, நமக்கென்னப்பா?" என்று கேட்டார். "போயிட்டு வாரேம்பா" என்றேன். இரண்டாம் வருஷமே அவர் போய்விட்டார். நான் ஊருக்குப் போக முடியவில்லை.

இங்கே மற்றவர்களுடைய எலிகள் முட்டி மோதித் தடுமாற, என் எலிகள் மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நேராக நடந்து ரொட்டியில் வாய் வைத்தன. பட்டமும் இங்கேயே ஒரு வேலையும் கைக்கு வந்த மாதிரிதான் என்றிருந்தேன். பட்டம் இல்லையென்றால், இப்போது நடக்கும் யுத்தம் முடிந்ததும் வெறுங்கையோடு மூட்டை கட்ட வேண்டும். போன மாதம் பேராசிரியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எலி முதல் சந்தியில் நின்றது. சரியான பக்கம் திரும்பியது.

"அதனிடம் என்ன சொன்னீர்கள்?" என்றார்.

"நான் பேசவேயில்லை, ஐயா."

அடுத்த எலியை விட்டேன். அவர் தன் வாயைத் தொட்டுக் காட்டினார். மீசையில் ஏதோ ஒட்டியிருக்கிறது போல என்று நினைத்து நான் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். அவர் தலையை அசைத்துவிட்டு, என் உதடுகளை விரலால் சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மூன்றாவது எலி சந்திக்கு வந்து நின்றது. நின்றபடியே இருந்தது.

வண்டியைத் திருப்பும்போது அப்பா செய்வது போல நாக்கைச் சொடுக்கியிருக்கிறேன். இடப்பக்கம் என்றால் ஒரு சொடுக்கு, வலப்பக்கம் என்றால் இரண்டு. சின்ன வயசில் வண்டி முகப்பில் உட்கார்ந்து பழகியது, எனக்கே கேட்காமல் வாயிலிருந்து வந்திருக்கிறது. எலிகள் எந்த வழியையும் நினைவில் வைத்திருக்கவில்லை. என் வாயைக் கேட்டு நடந்திருக்கின்றன. இத்தனை வருஷத்து வேலையும் பாழ். பேராசிரியர் கோபப்படவில்லை. நடுவே ஒரு திரையைக் கட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள், ஒரு வருஷம் தருகிறேன் என்றார். எனக்குத்தான் அலுப்பாக இருக்கிறது.

அதைவிட என்னை அரிப்பது வேறொன்று. அந்தத் துண்டுக்கு அடியில் அப்பா நிஜமாகவே தூங்கினாரா? இல்லை, தூக்கத்திலும் அவர் நாக்கு சொடுக்கிக்கொண்டிருந்ததா? அப்போது காது கொடுத்துக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை. அந்த மாடுகளை நம்பித்தான் நான் கடல் தாண்டினேன். காலையில் இப்போதெல்லாம் குதிரையை விட்டுவிட்டுப் பால்காரரின் வாயையே பார்க்கிறேன்.

திரை கட்டியாயிற்று. வாயில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டுதான் உட்காருகிறேன். தமிழ் பேச ஆளில்லாமல் கிடக்கும் இந்த வாயில் ஊர்ச் சத்தம் என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்; அதையும் அடைத்துவிட்டது வருத்தமாகத்தான் இருக்கிறது. எலியைப் பார்க்கத் திரையில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. புது எலிகள் முட்டி மோதிக் கற்றுக்கொள்கின்றன. பழைய எலிகளில் ஒன்று மட்டும் சந்திக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. இந்தப் பக்கமும் போகாது, அந்தப் பக்கமும் போகாது. திரையைப் பார்த்துக் காதை நிமிர்த்திக்கொண்டு காத்திருக்கிறது. அந்தச் சத்தத்தை அது மறக்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நானும் கைக்குட்டையைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.