வண்டி கிளம்பும்வரை

டீசல் ஊறிய செம்மண்ணைத் தொட்டால் பிசுக்கு லேசில் போகாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சோற்றில் கை வைத்தாலும் அந்த நாற்றம் மூக்கில் ஏறும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு மாங்காய்க் காலத்தில், வள்ளி அத்தை அப்படி மண் ஒட்டிய இரண்டு விரல்களை என் நைனாவின் முகத்துக்கு நேரே நீட்டி, "அண்ணா, டிராக்டருக்குக் கீழ ஈரமா கீது, மோந்து பாரு" என்று சொன்னாள். நைனா மோந்து பார்க்கவில்லை. "உனக்கு இன்னா தெரியும், போய் வேலையப் பாரு" என்றார்.

ஆந்திரப் பக்கம், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் எங்கள் ஊர். யாரோ ஓட்டித் தேய்த்த டிராக்டர் ஒன்றை நைனா வாங்கி வைத்திருந்தார். விடிந்ததும் எங்கள் தோப்பு மாங்காயை ஏற்றிக்கொண்டு கிளம்பினால்தான் சித்தூர்ப் பக்கத்து "ஜூஸ் ஃபேக்டரி" வரிசையில் முன்னால் நிற்க முடியும். தாமதமானால் டிரெய்லரிலேயே பாதிப் பழம் வெந்து போகும். அந்த வருடம் பார்த்துத் தினமும் காலையில் வண்டி மக்கர் செய்தது. "செல்ஃப்" சுற்றும், இஞ்சின் பிடிக்காது. நைனா பேட்டரியை மாற்றினார், ஆட்களை வைத்துத் தள்ளிச் சரிவில் உருட்டினார், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். சில நாள் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும், சில நாள் ஒன்பது மணிகூட ஆகும்.

அத்தை நைனாவின் கூடப்பிறந்த தங்கை, கல்யாணமான இரண்டாம் வருடமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். விடியுமுன் எழுந்து டிராக்டர் நிற்கும் கொட்டகையைப் பெருக்குவது அவள் வேலை என்பதால் அந்த ஈரம் அவள் கண்ணில் மட்டும் பட்டது. ஆட்கள் வந்து நாலு முறை மிதித்ததும் அது புழுதியோடு கலந்துவிடும். ஆனால் எங்கள் வீட்டில் ஈரத்தை விட்டுவிட்டு, அதைப் பார்த்தவளைப் பிடித்துக்கொண்டார்கள். "காத்தால எழுந்ததும் அவ மூஞ்சில முழிச்சிக்கினு போனா வண்டி எங்கேர்ந்து கெளம்பும்" என்று அம்மா ஒரு நாள் சொன்னாள். மறுநாளிலிருந்து, வண்டி ஸ்டார்ட் ஆகும்வரை அத்தை பின்கட்டு அறையை விட்டு வரக்கூடாது என்று ஆனது. கோளாறு எங்கே என்று தெரிந்த ஒரே ஆளை உள்ளே உட்கார வைத்துவிட்டு, வெளியே அத்தனை பேரும் கோளாறைத் தேடினார்கள்.

காவலுக்கு நின்றவள் நான். இஞ்சின் பிடித்ததும் ஓடிப்போய், "அத்தே, ஸ்டார்ட் ஆயிடுச்சி, வெளிய வா" என்று கத்த வேண்டும். பெரியவர்கள் நம்பி ஒப்படைத்த வேலை என்று எனக்கு அதில் ஏகப் பெருமை. ஒரு நாள் வண்டி ஒன்பதைத் தாண்டியும் கிளம்பவில்லை. அத்தை கதவை லேசாகத் திறந்து, "அவசரம் கண்ணு, கொல்லப் பக்கம் போய்ட்டு ஓடியாந்துடறேன்" என்று கெஞ்சினாள். "இன்னும் ஆவல, உள்ள போ" என்று நான் கதவை இழுத்துச் சாத்தினேன். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று யாராவது சமாதானம் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலம் அத்தை ஒரு புடவையைத் தனியாகத் துவைத்துக் காயப்போட்டாள்.

கடைசியில் புத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். பேட்டரியை அவன் தொடவே இல்லை. குனிந்து பார்த்தான், டீசல் பைப்பை விரலால் தடவினான், மூட்டில் இருந்த வாசர் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினான். அதில் மயிரிழை போல ஒரு விரிசல். வண்டி நிற்கும்போது அதன் வழியாக டீசல் சொட்டுகிறது, அந்த இடத்தில் காற்று புகுந்துகொள்கிறது, காலையில் இஞ்சினுக்கு டீசலுக்குப் பதில் காற்றுதான் போகிறது, அவ்வளவுதான் விஷயம். "இன்னி ரோஜுலு எவுரூ சூட்லேதா?" என்று கேட்டான், இத்தனை நாள் யாருமே பார்க்கவில்லையா என்று. நைனா தலையைச் சொறிந்துகொண்டு, "லேது" என்றார். பின்கட்டுக் கதவுக்குப் பின்னால் அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள்.

புது வாசர் போட்ட மறுநாள் முதல் அடியிலேயே வண்டி பிடித்தது. "இனிமே அத்தைய வெளிய வரச் சொல்லலாமா?" என்று நான் கேட்டதற்கு, "நல்லா ஓடிக்கினு கீது, எதுக்கு வம்பு, அப்பிடியே இருக்கட்டும்" என்றாள் அம்மா. ஒரு வாசரை மாற்ற அரை மணி நேரம் ஆனது, அத்தை மேல் போட்ட பழியை எடுக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. மாங்காய்க் காலம் முடிவதற்குள் அவள் திருப்பதிக்குப் போய் ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நைனா அவளைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். டிராக்டரைப் பழைய இரும்புக்காரர் துண்டு துண்டாக அறுத்து எடுத்துக்கொண்டு போனார், கொட்டகை இருந்த இடமும் தோப்பும் இன்று கல் நட்ட பிளாட்டுகள். நானும் திருப்பதியில்தான் வேலை பார்க்கிறேன். அத்தைக்கு அறுபதாகிறது, ஹாஸ்டலுக்குப் பக்கத்திலேயே ஒற்றை அறையில் இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். சாப்பிட வைத்து, வாசல்வரை வந்து, என் கையில் ஊறுகாய் டப்பாவைக் கொடுத்தாள். நான் ஸ்கூட்டர் சாவியைப் போட்டுத் திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம், கதவு சாத்தியிருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்தேன். சத்தம் கேட்ட பிறகு கதவு மெல்லத் திறந்தது. அத்தை வெளியே வந்து, சிரித்துக்கொண்டே கையசைத்தாள்.