எலும்பில் ஒரு சின்னக் கதவு

ஆண்டவருக்குள் என் சொந்தங்களே, எனக்குப் பேச வராது. அதனால் எழுதியிருக்கிறேன். ஏழாவது வரைதான் படித்தேன்.

ஆஸ்டின் டவுனில் இருக்கிறேன். பெயிண்ட் வேலை. நம் சபையில் இருபது வருஷமாக ட்ரம்பெட் ஊதுகிறேன். ஈஸ்டர் அன்று விடிவதற்குள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். வெளிச்சம் வரும்போது நான் ஊத வேண்டும். என் மனைவி ஜெயமணி அங்கேதான் இருக்கிறாள், மதில் ஓரமாக. உயிரோடு இருந்தபோது அடுப்படியிலிருந்தே சொல்லுவாள், "இன்னும் ஒரு வாட்டி ஊதுங்க." அவள் போன பிறகு, வருஷத்தில் அந்த ஒரு காலைதான் எனக்கு இருந்தது.

மேல் முன்பல் ஒன்றில் வலி வந்தது. முன்பே வேர் சிகிச்சை செய்து மூடிய பல். யாரிடமும் சொல்லவில்லை. ட்ரம்பெட்டை இடது பக்கம் தள்ளி வைத்து ஊதினேன். பேண்டு ஆட்கள் செய்வதுதான். பல் வலித்தால் பக்கம் மாற்றிக்கொள்வோம். அப்படியே இரண்டு வருஷம் ஓட்டினேன். உள்ளே சீழ் எலும்பைத் தின்றுகொண்டிருந்தது.

போன வருஷம் தவக்காலத்தில் முகம் வீங்கியது. எங்கள் தெரு பல் டாக்டர், பல்லை எடுக்க வேண்டும் என்றார். எடுத்தால் அந்த இடத்து எலும்பும் கரைந்து உள்ளே போய்விடும், ஊதுவது கஷ்டம் என்றார்.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் ஒவ்வொருவராக ஜெபிப்பது வழக்கம். என் முறை வந்தால் ஒரு பாட்டு ஊதிவிடுவேன். அதுதான் என் ஜெபம். அன்று ஊத முடியவில்லை. டிரம் அடிக்கும் அந்தோணி, ஜெயமணியின் தம்பி, விடவில்லை.

"வாயத் தொறந்து கேளு மாமா. இருபது வருஷமா ஊதியே தப்பிச்சிட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, அந்த எலும்பு எனக்கு வேணும். ஈஸ்டருக்கு ஊதணும். அவ காத்துட்டிருப்பா."

அவ்வளவுதான் வந்தது. சிரிப்பு நின்றிருந்தது.

திங்கட்கிழமை அந்தோணியே ஸ்கூட்டரில் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு கன்னடக்காரப் பெண் டாக்டர் ஸ்கேன் பார்த்தார்.

"பல்ல எடுக்க வேணாம் அங்கிள். வெளிப்பக்க எலும்புல சின்னதா ஒரு கதவு மாதிரி வெட்டி எடுப்போம். உள்ள வேரோட நுனிய வெட்டி, சீழ் எல்லாம் சுத்தம் பண்ணி, திரும்பி அதே எலும்ப வெச்சு மூடிடுவோம். ஆனா அந்த எலும்பு ரொம்ப மெல்லிசா தெரியுது. தெறந்து பார்த்தாதான் சொல்ல முடியும்."

நாற்காலியில் சாய்ந்து படுத்திருந்தேன். ஊசி போட்டு வாய் மரத்துப்போயிருந்தது. அதே ஜெபத்தை உள்ளேயே சொன்னேன். ஈறைத் திறந்தார்கள். டாக்டர் குனிந்து பார்த்தார்.

"எலும்பு இருக்கு அங்கிள்."

கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது.

தையல் போட்டு முடித்ததும் ஈஸ்டரைப் பற்றிக் கேட்டேன்.

"இந்த ஈஸ்டர் ஆகாது அங்கிள். எலும்பு சேரணும். நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க."

ஆண்டவரிடம் எலும்பைக் கேட்டேன், கொடுத்தார். ஈஸ்டரையும் கேட்டேன், அது கிடைக்கவில்லை. அந்த ஈஸ்டரில் டிரம் மட்டும் ஒலித்தது. வாயை மூடிக்கொண்டு ஜெயமணியின் பக்கத்தில் நின்றேன்.

அதன் பிறகு மாதங்கள் நீளமாக இருந்தன. வேலைக்குப் போன வீடுகளில் பிரஷ் பிடித்த விரல்கள், ட்ரம்பெட் கட்டைகளை அழுத்துவதுபோல், தானாகப் பாட்டை அழுத்தும். சாயங்காலம் ட்ரம்பெட்டின் வாய்த்துண்டைக் கழற்றிக் கையில் வைத்திருப்பேன். சூடேறியதும் திரும்பப் பெட்டியில் வைப்பேன். வாய்க்குக் கொண்டு போனதில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து மறுபடி படம் எடுத்தார்கள். கறுப்பாக இருந்த இடம் வெளுத்திருந்தது. அது புது எலும்பு என்றார் டாக்டர். "இனி ஊதுங்க."

இந்த ஈஸ்டரில் நடு உதட்டில் வைத்து ஊதினேன். முதல் சத்தம் பிசிறிவிட்டது. அந்தோணி தலையைக் குனிந்துகொண்டான். இரண்டாவது பிசிறாமல் நின்றது. எல்லோரும் போன பிறகு அவள் பக்கத்தில் நின்று இன்னும் ஒரு வாட்டி ஊதினேன்.

டாக்டர் கையை வைத்தார், ஆண்டவர் எலும்பை வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் நன்றி. இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான் ஊதுவதற்கு முன்னால் வாய்விட்டு ஜெபிக்கிறேன். இரண்டு வரிதான்.

உங்களில் யாராவது வலியைப் பக்கம் மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தால், ஆண்டவரிடம் சொல்லுங்கள். டாக்டரிடமும் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை எங்களோடு வந்து உட்காருங்கள். வார்த்தை வராதவர்களும் வரலாம். நானும் அப்படி வந்தவன்தான்.