சுவரில்லாத வீட்டின் சொந்தக்காரர்

பஸ் ஸ்டாப்புக்கு நாலடி முன்னாலேயே நம்பர்காரர் செருப்பைக் கழற்றிவிடுவார். கழற்றிய செருப்பை ஜோடி சேர்த்துச் சுவரோரம் வைப்பதுதான் அவர் வழக்கம். அங்கே சுவர் கிடையாது. அதனால் நடைபாதையின் விளிம்புக்கு நேராக வைப்பார். பிறகு கூரையைத் தாங்கும் இரும்புக் கம்பத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டு.

"அண்ணே, வரலாமா?"

பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருக்கும் லிஃப்ட்காரர் காலரைச் சரிசெய்துகொண்டு, "வாங்க தம்பி, திறந்துதான் கிடக்கு" என்பார்.

நம்பர்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. வீடுகளுக்குக் கதவு எண் பலகை செய்வது தொழில். தகரத்தை வெட்டி, ராவி, வர்ணம் பூசி, எண் எழுதி, தானே கொண்டுபோய் நான்கு திருகாணி போட்டு மாட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஏழு எழுத மூன்று இழுப்பு. எட்டுக்கு மட்டும் தூரிகையை எடுக்காமல் ஒரே சுழற்சி. மற்றவர்கள் பேனா வைக்கும் சட்டைப்பையில் அவர் சின்ன ரசமட்டம் ஒன்று வைத்திருப்பார். உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் நலம் விசாரிப்பதற்கு முன் சுவரில் மாட்டிய படம் கோணலா என்று அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவே நிற்கிறதா என்று பார்ப்பார். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனாலும் எந்தச் சந்தில் எந்த எண் என்று சந்தேகம் வந்தால் தபால்காரரே அவரிடம்தான் வந்து கேட்பார். அப்போது அவருடைய அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

லிஃப்ட்காரர் முப்பத்தொரு வருஷம் ஓர் எட்டுமாடிக் கட்டடத்து லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர். தானாக ஓடும் லிஃப்ட் வந்ததும் வேலை போயிற்று. வேலையோடு கொடுத்திருந்த, மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையும் போயிற்று. அன்றிலிருந்து பஸ் ஸ்டாப் பெஞ்சுதான் வீடு. இப்போதும் பெஞ்சில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "எத்தனாவது மாடி?" என்று வாய்தவறிக் கேட்டுவிடுவார்.

தெருக்காரர்கள் கூடி, மூடிக்கிடந்த தையல் கம்பெனியின் மாடியை வீடில்லாதவர்களுக்காகப் பதினோரு அறைகளாகத் தடுத்தார்கள். ஒருவர் குழாய் போட்டார், இன்னொருவர் வெள்ளையடித்தார். கதவு எண்கள் நம்பர்காரர் பொறுப்பு. யாருக்கு எந்த அறை என்பதை மட்டும் வீட்டுவசதி அலுவலகம் முடிவு செய்யும். சிக்கல் அங்கேதான். வீடு இல்லை என்று வீடு கேட்கும் விண்ணப்பத்தில் மூன்றாவது கட்டம், நிலையான முகவரி.

"இல்லைன்னு எழுதலாமாம்மா?" என்று அலுவலகத்தில் கேட்டார் நம்பர்காரர்.

"அந்தக் கட்டத்துல கதவு நம்பர் இருந்தாத்தான் சார் கம்ப்யூட்டர் வாங்கும்" என்றார் கவுன்டர் அம்மாள். "போய் நம்பரோட வாங்க."

மற்ற பத்துப் பேரும் மச்சான், சித்தப்பா என்று யாரோ ஒருவர் வீட்டு எண்ணை எழுதிக் கரையேறினார்கள். லிஃப்ட்காரருக்கு அப்படி யாருமில்லை. "நம்ம வீட்டு நம்பரைப் போட்டுத் தொலையேண்டா" என்றார் அக்கா. நம்பர்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "தங்காத வீட்டு நம்பரை எழுதினா அது பொய்க்கா. அவர் தங்கற இடத்துக்கு நம்பர் போட்டா பொய்யில்ல."

பதினேழு பை இரண்டு சலவைக்கடை. பதினெட்டு பல் ஆஸ்பத்திரி. இடையில் பஸ் ஸ்டாப். மறுநாள் கம்பத்தில் 17/3 ஏறியது, ரசமட்டத்தின் குமிழ் நட்டநடுவே நிற்க. அதற்குக் கீழே தகரத்தில் ஒரு தபால் பெட்டி. அதற்கும் கீழே ஒரு கால்மிதி. வீட்டில் அக்கா மூன்று நாள் தேடியது அந்தக் கால்மிதியைத்தான்.

கம்ப்யூட்டர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டது. பெட்டிக்குத் தபாலும் வரத் தொடங்கியது. பல் ஆஸ்பத்திரியின் விளம்பரத்தை லிஃப்ட்காரர் நான்கு முறை படித்தார். "பாருங்க தம்பி, 'மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளருக்கு'ன்னு போட்டிருக்கான். எனக்குன்னா யார் இப்படி எழுதுவா?"

மூன்று மாதத்துக்கு மேல் ஆனபிறகு ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். மனுஷர் கடமை தவறாதவர். கால்மிதியில் ஷூவைத் துடைத்துக்கொண்டு, எண்ணை விண்ணப்பத்தோடு ஒப்பிட்டு, பெட்டியைத் திறந்து மூடி, "வேறு யாராவது கூட இருக்காங்களா?" என்று கேட்டார். "இருபத்திரண்டாம் நம்பர் பஸ் வந்தா எல்லாரும் போயிடுவாங்க சார்" என்றார் லிஃப்ட்காரர். அதிகாரி எழுதிக்கொண்டார்.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. பெட்டி இருந்ததால் தவறாமல் வந்தது. விண்ணப்பதாரர் 17/3 எண்ணுள்ள வசிப்பிடத்தில் குடியிருப்பதும் அங்கே காற்றோட்டம் சிறப்பாக இருப்பதும் நேரில் கண்டறியப்பட்டதால், வீடு உள்ளவருக்கு அறை வழங்க இயலாது. வெள்ளிக்கிழமைக்குள் தகுதியானவர் வராவிட்டால் பதினோராம் அறையில் அலுவலகத்தின் பழைய கோப்புகள் வைக்கப்படும்.

"கோப்புக்குக் கூட வீடு கிடைக்குது" என்றார் அக்கா. "எல்லாம் நீ போட்ட நம்பர் அத்தனை லட்சணமா இருந்ததால வந்த வினை." திட்டுகிறாரா மெச்சுகிறாரா என்று தம்பிக்குப் பிடிபடவில்லை.

புதன்கிழமை கவுன்டர் அம்மாள் வழி சொன்னார். "அந்த வீட்டைக் காலி பண்ணிட்டாருன்னு வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கணும்."

"அம்மா, அது பஸ் ஸ்டாப்பு."

"நம்பர் போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான் வீட்டுக்காரர். காலி செய்யச் சொன்ன காரணத்தையும் எழுதுங்க."

அன்று மாலை முழுவதும் நம்பர்காரர் காரணம் தேடினார். குடித்தனக்காரர்மேல் பழி எழுத மனம் வரவில்லை. கடைசியில், "குடியிருப்பவர் தங்கமானவர். வீட்டுக்குச் சுவர் இல்லாததால் அனுப்புகிறேன்" என்று எழுதினார். ஒவ்வோர் எழுத்தும் அச்சுப் போல் இருந்தது. கவுன்டர் அம்மாள் ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். முத்திரையை ஓங்கிக் குத்தினார். "நாளைக்கே நம்பரைக் கழட்டிடுங்க சார். வெள்ளிக்கிழமை காலையில வந்து பார்ப்பாங்க."

வியாழக்கிழமை திருகாணிகளைக் கழற்றும்போது லிஃப்ட்காரர் பெஞ்சைவிட்டு எழுந்து நின்றார். "நாலு மாசமா இந்த ஊர்ல நான் இன்ன இடம்னு ஒண்ணு இருந்துச்சு. நாளைக்கு அந்த ரூம் கிடைக்கலைன்னா, இதுவும் இல்லாமப் போயிடுமே தம்பி?" நம்பர்காரர் கடைசித் திருகாணியையும் கழற்றினார். கழற்றிய பலகையைத் துண்டில் சுற்றி லிஃப்ட்காரர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். அன்று இரவு நம்பர்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து, கம்பத்தில் நான்கு ஓட்டைகளைக் கண்டு, வீடு இல்லை என்று திருப்தியோடு எழுதிக்கொண்டார். சாவி கிடைத்தபோது மணி நாலேகால். தெருவே மாடியேறியது. அந்த நெரிசலில் நம்பர்காரர் அவசர அவசரமாகப் பதினொன்றை மாட்டினார். லிஃப்ட்காரர் கதவைப் பிடித்தபடி ஒதுங்கி நின்று, "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று எல்லோரையும் முதலில் விட்டுவிட்டுக் கடைசி ஆளாக நுழைந்தார்.

எல்லோரும் இறங்கிப் போய் அரைமணி ஆனதும் நம்பர்காரர் மட்டும் திரும்பி வந்தார். சந்தேகம் சரிதான். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழ் ஓரமாக ஒதுங்கியது. செருப்பைச் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டுக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"யாரு?"

"நான்தாண்ணே. நம்பர் கொஞ்சம் கோணலா இருக்கு. ரெண்டே நிமிஷம்..."

உள்ளே தாழ்ப்பாள் ஒருமுறை அசைந்து நின்றது.

"இப்பத்தான் தம்பி தாப்பாப் போட்டேன். நாளைக்கு வாங்களேன்."

நம்பர்காரர் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார், கோணலாக நின்ற பதினொன்றைப் பார்த்தார். ரசமட்டத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்து, ஓசை வராமல் நுனிக்காலால் படியிறங்கினார்.