செவ்வாய்க்கிழமைக் கறி

எனக்கு வயது எண்பத்தொன்று. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன், ஒன்றும் சோடை போகவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது வாக்கில் பீங்கான் கம்பெனியில் நான் சூளைக்குப் போகிற பச்சைக் கப்புகளை ஈரப் பஞ்சால் துடைத்தேன். அங்கே சூளைக்குத் தீப்போடுகிறவர் ஒருவர். அனலில் புருவம் கருகி, எப்போதும் எதையோ கண்டு அதிசயித்த மாதிரி இருப்பார். எங்கள் தூக்குகளை எல்லாம் திறந்து பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். அவர்கள் தபசுக்காலம் ஒரு புதன்கிழமைதான் பிறக்கும்; பிறந்துவிட்டால் நாற்பது நாள் கறி தொடமாட்டார். அதனால் முந்தின நாளே எல்லாரோடும் சேர்ந்து தின்ன ஒரு குண்டான் ஆட்டுக்கறி கொண்டுவருவார். நாங்களோ செவ்வாய் என்றால் கொளஞ்சியப்பர் முருகனுக்கு விரதம். பாவம், தனியாகத் தின்பார்.

"ஏம்மா, உங்க சாமியும் எங்க சாமியும் கலந்து பேசி ஒரு நாளு வெக்கக்கூடாதா?"

"உங்க சாமியத் தள்ளி வெக்கச் சொல்லுங்கண்ணே. எங்க சாமிதான் இந்த ஊருக்கு மூத்தவரு," என்றேன்.

மறுவருஷம் திங்கட்கிழமையே குண்டானோடு வந்துவிட்டார். எலும்பைக்கூட விடாமல் தின்றோம். மறுநாள் பார்த்தால் அவர் தூக்கில் வெறும் ரசஞ்சோறு.

"என்னண்ணே, உங்களுக்கு நாளைக்குத்தானே?"

"நீங்கள்லாம் விரதமா உக்காந்திருக்கீங்க. எனக்கு மட்டும் கறி எப்பிடிம்மா எறங்கும்?"

அதற்கப்புறம் வருஷா வருஷம் நாற்பத்தோரு நாள் விரதம் இருந்தார். அந்த ஒரு நாள் எந்தச் சாமிக்கு என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

ஏ கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினியே, இதைப் படிச்சுக் காட்டு. அந்த மனுஷனை ரொம்பத்தான் புகழ்ந்துவிட்டேனோ என்று பார்க்கணும்.