சரிவில் அளந்த ஆயில்

நம் ஜீப் ஆயில் குடிக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த ஒன்றரை மாதத்தைப் பற்றி உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். பாப்பா, உனக்கு அப்போது ஆறு வயசு. தம்பி அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத நேரம். ஜீப் போயிருந்தால் நான் மலையை விட்டு லாரிக்குப் போயிருப்பேன். மாதத்துக்கு ஐந்தாறு நாள்தான் உங்களைப் பார்த்திருப்பேன். நான் எட்டாவதோடு நின்றவன், கோவையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஜீப் நான் வாங்கும்போதே இரண்டு கை மாறியது. காலையில் தேவனூர் நாட்டு ஊர்களில் ஆள் ஏற்றிச் செம்மேட்டில் விடுவேன். சந்தை நாளில் மிளகும் மரவள்ளிக் கிழங்கும் சோலக்காட்டுக்குப் போகும். திரும்பும்போது ஊராருக்கு அரிசி மூட்டை, உர மூட்டை கொண்டுவந்து நம் வாசலில் இறக்குவேன். சனிக்கிழமை மதியம், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸ் சிஸ்டரை மலைக்குக் கீழே காரவள்ளியில் கொண்டுபோய் விடுவேன். அவர்கள் கீழ்நாட்டுக்காரர், வாரம் ஒருமுறை ஊருக்குப் போவார்கள். இதெல்லாம் சேர்ந்துதான் நமக்குச் சோறு.

விடிந்ததும் பானெட்டைத் தூக்கி, ஆயில் பார்க்கிற கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்ப்பேன். கம்பியில் இரண்டு கோடு இருக்கும். ஆயில் இரண்டுக்கும் நடுவில் நின்றால் போதும். அந்த வருஷம் மழை விட்ட சமயம், ஒரு நாள் கீழ்க்கோட்டுக்கும் கீழே நின்றது. அரை லிட்டர் ஊற்றினேன். இரண்டு நாள் கழித்து மேல்கோட்டில் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் மறுபடி கீழே. மறுபடி ஊற்றினேன்.

யோசித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. மூட்டை ஏற்றி வந்த மறுநாள் காலையில்தான் ஆயில் இறங்கியிருக்கிறது. வெறும் வண்டியாக வந்த மறுநாள் இறங்கவே இல்லை. பாரம் இழுத்தால் இஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று முடிவு கட்டினேன். யாரிடம் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். சில நாள் ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நின்றது. அது என்னை உறுத்தவில்லை. பிள்ளைக்கு ஒரு வாய் கூடுதலாக ஊட்டினால் கெட்டா போகும் என்று பானெட்டை மூடிவிட்டேன்.

பிறகு பின்னால் நீலப் புகை வர ஆரம்பித்தது. செம்மேட்டு மேட்டில் ஏறும்போது பின் சீட்டில் இருந்த ஒருவர் கேட்டார், "ஏனுங்க டிரைவரே, சாம்பிராணி போடறதுக்குத் தனியாக் காசு கேப்பீங்களா?"

வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து மூட்டையைக் குறைத்தேன். பைல் நாட்டிலிருந்து கிழங்கு ஏற்றக் கூப்பிட்டவர்களிடம் வண்டி சரியில்லை என்றேன். ராத்திரி படுத்தாலும் இஞ்சின் சத்தம் காதுக்குள் ஓடும். சாப்பிடும்போது எழுந்து போய் ஜீப்புக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்காருவேன்.

"சோத்துல கைய வெச்சா முடிச்சுட்டு எந்திரிங்க," என்று உன் அம்மா சத்தம் போடுவாள்.

செம்மேட்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"எவ்வளவு ஊத்தறீங்க?"

"மூட்டை ஏத்துனா அரை லிட்டருங்க."

"பொகை?"

"நீலமா வருதுங்க."

"அப்ப உள்ள பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போச்சு. இஞ்சினை எறக்கித்தான் ஆகோணும்."

இஞ்சினை இறக்கிப் பிரிக்கிற செலவைத் தாங்கும் நிலைமையில் நாம் இல்லை. நாமக்கல்லில் லாரி ஓட்டும் உங்கள் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாப்ளே, அந்தத் தகர டப்பாவ எடைக்குப் போட்டுட்டு வாங்க," என்றார். "எங்க ஓனரு ஆளு தேடிட்டு இருக்காரு. வடக்க போனா இருவது நாளு. பழகிட்டா ஒண்ணுந் தெரியாது."

"இருவது நாளுங்களா மச்சான்?"

"ஏன், என்ற தங்கச்சி அழுவுமா, நீங்க அழுவீங்களா?"

பாப்பா, நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். "வடக்குன்னா செம்மேட்டத் தாண்டியாப்பா?" என்றாய்.

"ஆமா கண்ணு. கொஞ்சம் தாண்டி."

அந்தச் சனிக்கிழமை சிஸ்டரைக் கீழே விட்டுவிட்டு, அப்படியே நாமக்கல் போய் ஓனரைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிடுவதாக ஏற்பாடு. மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி முடிக்கும்வரை கண்ணாடியில் புகையையே பார்த்துக்கொண்டு வந்தேன். காரவள்ளியில் பிரேக் ஆறட்டும் என்று புளியமரத்தடியில் நிறுத்தினேன். சிஸ்டர் டீ குடிக்கப் போனார்கள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கம்பியை உருவினேன்.

ஆயில் மேல்கோட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றது. துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். அதே இடம்.

டீ முடித்து வந்த சிஸ்டர் கேட்டார்கள், "என்னங்ணா, கம்பியவே பாத்துட்டு நிக்கறீங்க?"

"வெடியால அடிக்கோட்டுக்குக் கீழ இருந்துச்சுங்க சிஸ்டர். அரை லிட்டர்தான் ஊத்துனேன். இப்ப இங்க வந்து நிக்குது. அரை லிட்டருக்கு இவ்வளவு ஏறாதுங்க."

அவர்கள் கம்பியை எட்டிப் பார்த்தார்கள். "எனக்கு வண்டி தெரியாதுங்ணா. ஆனா புள்ளைக்கு மூடியில டானிக் ஊத்தறப்ப, அம்மாமாரு மூடியச் சாய்ச்சுப் புடிச்சுட்டு அளவு சரியா இருக்குன்னு சாதிப்பாங்க. ஒரு பக்கம் கோட்டைத் தொடும், இன்னொரு பக்கம் தொடாது. ஊசி போட வர்றப்ப உங்க ஊட்டு வாசல்ல நான் எறங்கறதுக்கே எதையாவது புடிச்சுக்கோணும். அங்க நிறுத்தியா அளவு பாக்கறீங்க?"

அங்கேதான் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பேன்? நம் வீடு ரோட்டுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. மூட்டை இருந்தால் வாசலில் இறக்க வசதியாக ரிவர்ஸில் வருவேன். அன்று ஜீப்பின் மூக்கு வானத்தைப் பார்க்கும். வெறும் வண்டி என்றால் நேராக இறக்கி நிறுத்துவேன், மூக்கு பள்ளத்தைப் பார்க்கும். கம்பி இஞ்சினின் முன்பக்கம் இருக்கிறது. மூக்கு மேலே இருந்தால் ஆயில் பின்னால் ஒதுங்கிக் குறைவாகக் காட்டும், கீழே இருந்தால் முன்னால் திரண்டு அதிகமாகக் காட்டும். வண்டி நின்ற நிலையைத்தான் நான் ஒன்றரை மாதமாக அளந்திருக்கிறேன். கம்பி குறைவாகக் காட்டிய நாளெல்லாம் ஊற்றி, கூடக் காட்டிய நாளெல்லாம் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

பிள்ளைகளே, அப்போது எனக்கு நிம்மதி வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அதற்குப் பின்னால் பயமும் வந்தது, ஊற்றி ஊற்றி நானே இஞ்சினைக் கெடுத்துவிட்டேனோ என்று.

சேந்தமங்கலத்தில் ஒரு பட்டறையில் அதிக ஆயிலை வடித்தார்கள். அந்த மெக்கானிக் கை துடைத்துக்கொண்டே சொன்னார், "ஆயில் கூடுனாலும் பொகை வருமுங்க, ரப்பர் சீல் வழியாக் கசியும். பொகை அதனாலயா, நெசமாவே ரிங்கு போச்சான்னு இன்னிக்குச் சொல்ல முடியாது. மேல்கோட்டுக்குச் சரியா வெச்சிருக்கேன். ஒரு வாரம் மூட்டையோட ஓட்டுங்க. ஒரு சொட்டு ஊத்தக்கூடாது. அப்பறம் ராத்திரி முழுக்கச் சமதரையில நின்ன வண்டிய வெடியால பாருங்க. பாதிக்குக் கீழ எறங்கியிருந்தா இஞ்சின் குடிக்குதுன்னு அர்த்தம்."

ஓனரைப் பார்க்கப் போகாமல் மாமாவுக்குப் போன் செய்து ஒரு வாரம் கேட்டேன். "அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம வண்டி கெளம்புது. சனிக்கெழம காலைல சொல்லீரோணும். இல்லீன்னா வேற ஆளு," என்றார்.

அந்த ஒரு வாரம் கம்பியைத் தொடாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய பாடு. காலையில் எழுந்ததும் கை தானாகப் பானெட்டுக்குப் போகும். மிச்ச ஆயில் இருந்த கேனை உன் அம்மா ராகி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள். "வேற எதையாச்சும் பாத்துத் தொலைங்க," என்றாள். அதனால் மற்றதையெல்லாம் பார்த்தேன். ரேடியேட்டரில் ஓடைத் தண்ணீர் விட்டு விட்டு உள்ளே துரு கலங்கிக் கிடந்தது. கழுவிவிட்டுக் கூலன்ட் ஊற்றினேன். பிரேக் ஆயில் டப்பாவைச் சுற்றி இருந்த மண்ணைத் துடைத்தபின் அளவுக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது. பேட்டரியில் இரண்டு அறை வறண்டிருந்தது, அதற்கென்று விற்கிற தண்ணீரை வாங்கி நிரப்பினேன். இஞ்சின் ஆயிலையே முறைத்துக்கொண்டு இருந்ததில் இதையெல்லாம் மறந்திருந்தேன். இவற்றையும் நீங்கள் நாளைக்கு மறக்கக் கூடாது, பிரேக் ஆயிலை முக்கியமாக.

உர மூட்டை, கிழங்கு, மிளகு என்று யார் கூப்பிட்டாலும் ஏற்றினேன். புகை குறைந்த மாதிரி இருக்கும். அடுத்த மேட்டில் இருக்கிற மாதிரியும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தபோதுதான் சமதரைக்கு எங்கே போவது என்று திகைத்தேன். ராத்திரி முழுக்க ஜீப் நிற்கிற மாதிரி நம் ஊரில் மட்டமான இடம் ஒன்றுதான், பக்கத்து வீட்டு அக்காவின் களம். சாமை அறுத்து ஓரமாகப் போர் போட்டிருந்தது. சாணி போட்டு மெழுகிய களம். அறுப்புக் காலத்தில் அதில் யாரும் செருப்புப் போட்டு ஏறுவதில்லை. அங்கே போய் நான் ஜீப்பை நிறுத்தக் கேட்டேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தது. "ஏஞ்சாமி, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா? நாளன்னிக்கு மாடு கட்டித் தாம்பு ஓட்டறேன். சாமையில ஆயில் வாசம் அடிச்சா கோழி கூடத் திங்காது."

"ஒரே ஒரு ராத்திரிக்கா. வண்டி சரியில்லீன்னா நான் லாரிக்குப் போயிருவேன்."

"போனாப் போ. என்ற மொளகை யாரு சந்தைக்குக் கொண்டுபோவா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டது. பிறகு, "டயரக் கழுவிட்டு வா. அடியில சாக்கு விரி. ஒரு சொட்டு விழுந்துச்சோ, நீதான் மொழுகோணும்," என்றது.

ஓடையில் நான்கு டயரையும் கழுவினேன். சாக்கு விரித்து நிறுத்தினேன். செருப்பைக் களத்துக்கு வெளியே விட்டிருந்தேன்.

சனிக்கிழமை விடியும்போது நான் மட்டும் போவதாகத்தான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மாவும், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீயும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தீர்கள். அக்கா சாமைப் போரில் சாய்ந்து நின்றது. கம்பியை உருவினேன். துடைத்தேன். செருகினேன். திரும்ப உருவுவதற்குக் கை வரவில்லை.

"எடுங்க," என்றாள் அம்மா.

மேல்கோட்டுக்கு ஒரு நகக்கண் அளவு கீழே நின்றது. ஒரு வாரம், அத்தனை மூட்டை, ஒரு நகக்கண். பழைய வண்டி அவ்வளவாவது எடுத்துக்கொள்ளும். நான் கம்பியை அம்மாவிடம் காட்டினேன். அவள் கோட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

ஜீப்பைப் பின்னால் எடுத்தபோது சாக்கில் ஒரு கறை இருந்தது. சீல் கசிந்திருக்கிறது. சாக்கைத் தூக்கினால் தரையிலும் காசு அகலத்துக்கு ஒரு கறுப்பு. மறைக்கலாமா என்று யோசிப்பதற்குள் அக்கா சாணிக் கூடையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தது.

"அந்த மண்ணச் சொரண்டி எடுத்துட்டு மொழுகு. அப்பிடியே அந்த மூலையையும் மொழுகீரு."

இரண்டு கையும் சாணியாக நான் மண்டியிட்டிருந்தபோது மாமாவின் போன் வந்தது. நீதான் என் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் காதில் வைத்துப் பிடித்தாய்.

"என்ன மாப்ளே, துணிமணி எடுத்து வெச்சாச்சா?"

"நான் வரலீங்க மச்சான். இஞ்சின் நல்லாருக்குது."

"போன வாரம் போச்சுன்னீங்க?"

"நான்தான் ஆயிலத் தப்பாப் பாத்துட்டேனுங்க."

"ஆயிலு பாக்கத் தெரியாதவரையா ஓனருகிட்டச் சொல்லி வெச்சேன்! என்ற மானமே போச்சு," என்று கத்த ஆரம்பித்தார். நீ போனை உன் காதுக்கு மாற்றிக்கொண்டாய்.

"மாமா, அப்பா கையெல்லாம் சாணி. அப்பறமாப் பேசறாராமா," என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாய். நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.