உள்ளங்கையை நீட்டியபடி பவானிக்கு

1994, தை மாதத்துப் புதன்கிழமை. காலை 6.40க்கு அண்ணன் என்னைக் காந்திபுரத்தில் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பதினைந்து வயதில் ஒரு காய்ச்சல் என் காதைக் கொண்டுபோனது. முப்பது முடிவதற்குள் கண்ணும் போயிற்று. நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் அதுதான் வருத்தம். "ஒருக்கா பவானி வரைக்கும் தனியாப் போய்ட்டு வந்துரு அம்மணி. அப்புறம் உன்னை எங்கயும் தடுக்க மாட்டேன்" என்று முந்தின வாரம் என் உள்ளங்கையில் எழுதியிருந்தார். முடியாவிட்டால் இனி வாசற்படி தாண்டக் கூடாது. சரி என்றேன்.

பஸ் கிளம்பியதும் கண்டக்டர் தோளைத் தட்டினார். "கண்ணு தெரியாது, காது கேக்காதுங்க. சொல்றதை என்ற கையில எழுதுங்க" என்று கையை நீட்டினேன்.

"கூட ஆரு வந்திருக்காங்க?"

"ஆரும் இல்லீங்க. ஒரு பவானி குடுங்க."

"பயமா இல்லீங்களா?" இடமில்லாத உள்ளங்கையிலும் எங்கள் ஊர்க்காரர்கள் 'ங்க'வை விடமாட்டார்கள்.

"டிரைவர் நல்லா ஓட்டுனாப் பயமில்லீங்க."

சன்னலோரம் கேட்டு வாங்கியிருந்தேன். உனக்கெதற்கு சன்னல் என்று வீட்டில் கேட்பார்கள். காற்று எனக்கும் வேண்டும்தானே? பின்பக்கமிருந்து மூக்குப்பொடி நெடி வந்தது. அண்ணனும் அதே பொடிதான். கொங்கு நாட்டில் பொடி போடுகிறவருக்கா பஞ்சம்! அவிநாசி தாண்டியதும் கன்னத்தில் வெயில் ஏறியது. பெருந்துறையில் மஞ்சள் மூட்டையும் வாசமுமாக யாரோ ஏறினார்கள்.

நூறு கிலோமீட்டர் வந்து பவானியில் இறங்கியபோது கைக்கடிகாரத்தின் முள்ளைத் தடவிப் பார்த்தேன், 9.20. கண்டக்டர் ஓர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

பவானியும் காவேரியும் சேரும் கூடுதுறைப் படிகளில் தடியை ஊன்றி இறங்கினேன். அருகில் ஈரச்சேலை உரசியது. தண்ணீர் எந்தப் பக்கம் என்று கேட்கும் அவசரத்தில், வாயைத் திறக்குமுன் கையை நீட்டிவிட்டேன். உள்ளங்கையில் ஒரு காசு விழுந்தது.

அந்தக் கையைப் பிடித்துக் காசை அதிலேயே வைத்து அழுத்தினேன். "நான் பிச்சைக்கு நீட்டலீங்க. தண்ணி எந்தப் பக்கமுன்னு எழுதுங்க."

பிறகு ஈர விரல் எழுதியது: "தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க." அந்த அம்மாளே என்னை ஆற்றில் இறக்கிவிட்டார். இடக்காலை ஒரு நீர் இழுத்தது, வலக்காலை இன்னொன்று தள்ளியது. எது பவானி, எது காவேரி என்று கேட்டேன். "பொறந்ததுல இருந்து இங்கதானுங்க குளிக்கறேன், பிரிச்சுச் சொல்லத் தெரியாதுங்க" என்று எழுதினார். எனக்குப் பிரிந்தது. நன்றாகவே பிரிந்தது.

மாலை 4.30க்குக் காந்திபுரத்தில் இறங்கியதும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போய்ட்டு வந்துட்டேனுங்கண்ணா."

விரல் வேகமாக எழுதியது: "அதுக்கு, அந்தக் காசைத் திருப்பியா குடுப்பே? பாவம், அந்தம்மா மொகமே சுண்டிப்போச்சு."

காசைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவருடைய விரல் அப்படியே நின்றது. அதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஒருக்காவாச்சும் உங்களைத் தேடுனேனாண்ணா?"

"இல்லை."

"அடுத்த வாரம் பழனிக்குப் போறேன். நீங்க ஊட்டுலயே இருங்க. ஒரு டிக்கெட் போதும்."